மேக்பெத் சாபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்துக்குச் சாபம் இருக்கிறது, அதன் பெயரை அரங்கத்துக்குள் வாய்விட்டுச் சொன்னால் யாருக்காவது அடிபடும் என்பது ஆங்கில நாடக உலகில் ஊறிப்போன நம்பிக்கை. அந்தச் சாபக் கதை எங்கிருந்து வந்தது, அதில் எது உண்மை, நாடகத்தை மேடையேற்றும்போது நிஜமாகவே எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம். மேடையைச் சுற்றியுள்ள மற்ற சகுனங்களுக்கும் பதில் உண்டு.

மேக்பெத் கதை என்ன?

ஸ்காட்லாந்தின் தளபதி மேக்பெத். போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள் எதிர்ப்பட்டு, நீ அரசனாவாய் என்கிறார்கள். மனைவியின் தூண்டுதலில், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்திலேயே குத்திக் கொல்கிறான். அந்தக் கொலையை மறைக்க இன்னொரு கொலை, அதை மறைக்க மற்றொன்று. தோழன் பாங்க்வோவைக் கொல்வித்த அன்றே அவனுடைய ஆவி விருந்துப் பந்தியில் வந்து உட்காருகிறது. ராணியாகிவிட்ட மனைவி, மேக்பெத் சீமாட்டி, தூக்கத்தில் நடந்து, கையில் இல்லாத ரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். முடிவில் மேக்டஃப் என்ற பிரபு மேக்பெத்தின் தலையைக் கொய்து வருகிறான். ஷேக்ஸ்பியர் எழுதிய சோக நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. ஹாம்லெட்டில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும்.

எதைச் சொல்லக் கூடாது? எங்கே சொல்லக் கூடாது?

நாடகத்தின் பெயரையும் நாயகனின் பெயரையும் அரங்கக் கட்டடத்துக்குள் சொல்லக் கூடாது. மேடை, பக்கத்திரை மறைவு, நடிகர்கள் காத்திருக்கும் கிரீன் ரூம், ஒப்பனை அறை எல்லாமே இதில் அடக்கம். பார்வையாளர் பகுதியையும் கடுமையானவர்கள் விடுவதில்லை. பேச வேண்டிவந்தால் ‘ஸ்காட்லாந்து நாடகம்’ என்பார்கள். மேக்பெத் சீமாட்டியை ‘ஸ்காட்லாந்துச் சீமாட்டி’ என்பார்கள். சூனியக்காரிகளின் வரிகளைச் சும்மா முணுமுணுப்பதும் தவறு.

ஒத்திகையிலும் நிகழ்ச்சியிலும் வசனமாக வரும்போது சொல்லலாம். இந்த விலக்கு இல்லாமல் நாடகத்தையே போட முடியாது. தெருவில், வகுப்பறையில், வீட்டில் சொன்னால் எந்தத் தோஷமும் இல்லை.

தவறிச் சொல்லிவிட்டால் பரிகாரம் என்ன?

குழுவுக்குக் குழு சற்று மாறும். பெரும்பாலும் இப்படிச் செய்வார்கள்: சொன்னவர் உடனே அறையைவிட்டு வெளியே போக வேண்டும், முடிந்தால் கட்டடத்தைவிட்டே. அங்கே நின்ற இடத்தில் மூன்று முறை சுற்ற வேண்டும். இடது தோளுக்கு மேலாகத் துப்ப வேண்டும். ஒரு கெட்ட வார்த்தை சொல்ல வேண்டும். பிறகு கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அழைத்த பிறகே நுழையலாம்.

வெளியே போக நேரமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. தந்தையின் ஆவியைக் கண்டதும் ஹாம்லெட் சொல்லும் வரியை, தேவதூதர்களே எங்களைக் காப்பாற்றுங்கள் என்று பொருள்படும் அந்த வரியை, உரக்கச் சொல்வது. வெனிஸ் வணிகனில் வரும் ஒரு வாழ்த்து வரியைச் சொல்வோரும் உண்டு. வெனிஸ் வணிகன் ராசியான நாடகம் என்று பெயர் வாங்கியது.

முதல் அரங்கேற்றத்திலேயே ஒரு சிறுவன் செத்துப்போனானாமே?

எங்கும் சொல்லப்படும் மூலக்கதை இதுதான். 1606இல் மேக்பெத் சீமாட்டியாக நடிக்க வேண்டிய ஹால் பெரிட்ஜ் என்ற சிறுவன் காய்ச்சலில் திடீரென்று இறந்தான், ஷேக்ஸ்பியரே அந்த வேஷத்தைக் கட்டிக்கொண்டார் என்பார்கள். (அக்காலத்து இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறவில்லை. பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள்.)

ஹால் பெரிட்ஜ் என்று ஒரு நடிகன் இருந்ததற்குச் சான்றே கிடையாது. மேக்ஸ் பீர்போம் என்ற விமர்சகர் 1898இல் லண்டன் வார இதழ் ஒன்றில் எழுதிய நாடக விமர்சனத்தில்தான் அவன் முதலில் தலைகாட்டுகிறான். 17ஆம் நூற்றாண்டில் பெரிய மனிதர்களைப் பற்றிய துணுக்குகளைக் குறித்துவைத்த ஜான் ஆப்ரி இதை எழுதியிருப்பதாகப் பீர்போம் சொன்னார். ஆப்ரியின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு வரியும் அகப்படவில்லை. பீர்போம் குறும்புக்காரர், போலிநடையில் எழுதுவதில் தேர்ந்தவர். அவர் கட்டிவிட்ட கதையை 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் பார்த்து ஒருவர் எழுதி, நிகழ்ச்சி மலர்களிலும் வழிகாட்டி நூல்களிலும் அது வரலாறாகவே உட்கார்ந்துவிட்டது.

முதல் அரங்கேற்றத்தைப் பற்றி எழுத்தில் ஒன்றுமே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். இந்த நாடகத்தைப் பார்த்ததாகக் கிடைக்கும் முதல் நேரடிக் குறிப்பு, சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் எழுதியது. அவர் ஷேக்ஸ்பியர் குழுவின் குளோப் அரங்கில் பார்த்தது 1611 ஏப்ரல் 20 என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆவி வந்து உட்கார்ந்ததையும் ராணி தூக்கத்தில் நடந்ததையும் விவரமாக எழுதியவர், கெட்ட சகுனம் பற்றி வாயே திறக்கவில்லை. நாடகம் அச்சானது 1623இல்தான்.

மந்திரங்கள் உண்மையானவை, அதனால் சூனியக்காரிகள் சபித்தார்கள் என்கிறார்களே?

சூனியக்காரிகள் கொப்பரையில் போடும் பொருள்கள் தவளைக் கால்விரல், வௌவால் மயிர், நாய் நாக்கு, பாம்பின் பிளந்த நாக்கு என்று போகின்றன. கேட்பவர் உடம்பு கூச வேண்டும் என்பதற்காக அடுக்கிய பட்டியல் அது. ஏதோ ஒரு கூட்டத்தாரின் ரகசிய மந்திரத்தை ஷேக்ஸ்பியர் களவாடினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் காட்சிகளில் வரும் இரண்டு பாடல்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரியும். தாமஸ் மிடில்டன் என்ற இன்னொரு நாடக ஆசிரியரின் ‘சூனியக்காரி’ என்ற நாடகத்தில் அவற்றின் முழு வடிவம் இருக்கிறது. அவை நாடகத்துக்காக எழுதிய பாட்டுகளே.

ஆனால் சூனியப் பயம் அன்று நிஜம், அதன் நடுவில் இருந்தவர் அரசரே. ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசி ஆன்னை மணந்து அழைத்துவந்தபோது கடலில் கடும் புயல் அடித்தது. புயலைச் சூனியக்காரிகள் ஏவினார்கள் என்று வடக்கு பெரிக் ஊரைச் சுற்றிப் பலரைப் பிடித்து, 1590-91இல் சித்திரவதை செய்து விசாரித்தார்கள். அரசரே உட்கார்ந்து கேள்வி கேட்டார். சல்லடைகளில் ஏறிக் கடலில் போனோம் என்று வாக்குமூலம் வாங்கப்பட்டது. மேக்பெத்தின் முதல் சூனியக்காரி சல்லடையில் ஏறிப் பயணம் போவேன் என்கிறாள் அல்லவா, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இந்த வழக்குதான். எரித்துக் கொல்லப்பட்டவர்கள் நிஜ மனிதர்கள். இந்த நாடகத்தைச் சுற்றிய சாபக் கதைகளையெல்லாம்விட மனத்தை உலுக்குவது அந்த உண்மை.

1597இல் ஜேம்ஸ் சூனியம் பற்றி ஒரு நூலே எழுதினார். 1603இல் இங்கிலாந்துக்கும் அரசராகி, ஷேக்ஸ்பியரின் குழுவைத் தம் பெயரால் ‘அரசரின் ஆட்கள்’ ஆக்கிக்கொண்டார். ஜேம்ஸ் பயந்துபோய் நாடகத்தை ஐந்து ஆண்டு தடைசெய்தார் என்றும் ஒரு கதை உலவுகிறது. அப்படி ஓர் ஆணை எந்தப் பதிவிலும் இல்லை. நாடகமோ அவருக்குப் பிடித்ததையெல்லாம் வரிசையாக வைத்திருக்கிறது: சூனியம், அரசனைக் கொன்றவனுக்கு வரும் அழிவு, ஜேம்ஸின் ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மூதாதையாகக் கருதப்பட்ட பாங்க்வோ.

நிஜமான மேக்பெத் மன்னனின் ஆவி பழிவாங்குகிறதா?

பழிவாங்க அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிஜ மேக்பெத் 1040 முதல் 1057 வரை, 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவர். டங்கன் இறந்தது போர்க்களத்தில், விருந்தினர் படுக்கையில் அல்ல. 1050இல் மேக்பெத் ரோமுக்குப் புனிதப் பயணம் போய் ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. நாட்டைவிட்டு அவ்வளவு தூரம் போய்வர முடிந்த அரசர், அரியணை ஆட்டம்காணாதவராகத்தான் இருந்திருக்க வேண்டும். பாங்க்வோ என்று ஒருவர் இருந்ததே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஹெக்டர் போயிஸ் என்ற வரலாற்றாசிரியர் படைத்த பாத்திரம் அது. அங்கிருந்து ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்புக்கு வந்தது, அதைத்தான் ஷேக்ஸ்பியர் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்.

பழைய நடிகர்கள் இந்தச் சாபத்துக்குப் பயந்தார்களா?

பயந்ததாகத் தெரியவில்லை. சாபம் 400 ஆண்டுப் பழமையானது என்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

1660களில் நாடக ஆசிரியர் வில்லியம் டாவனன்ட் இதை ஆட்டம் பாட்டம், பறக்கும் சூனியக்காரிகள் எல்லாம் சேர்த்து மேடையேற்றினார். நாட்குறிப்புக்குப் பேர்போன சாமுவேல் பீப்ஸ் அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து ரசித்து எழுதினார். சாரா சிடன்ஸ் மேக்பெத் சீமாட்டியாக நடித்தே 18ஆம் நூற்றாண்டின் பெரும் நடிகையானார். 1812 ஜூன் 29 அன்று மேடையிலிருந்து விடைபெறவும் அதே வேடத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் நாடகம் அதற்குமேல் தொடரவில்லை. 1888இல் லண்டன் லைசியம் அரங்கில் எல்லன் டெர்ரி, பொன்வண்டின் பச்சைச் சிறகுகள் ஆயிரம் வைத்துத் தைத்த உடையில் மேக்பெத் சீமாட்டியாக நின்றார். மேடையில் பச்சை ஆகாது என்பது இன்னொரு நம்பிக்கை. சபிக்கப்பட்ட நாடகம், ஆகாத நிறம், இரண்டும் சேர்ந்தும் அது மாதக்கணக்கில் ஓடியது.

இவை எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி வில்லியம் மேக்ரெடி. அவர் கதை அடுத்த கேள்வியில்.

1849 நியூயார்க் கலவரம் சாபத்தால் வந்தது இல்லையா?

மேக்பெத்தோடு தொடர்புள்ள பெருந்துயரம் என்றால் இதுதான். ஆனால் அதன் வேர் நாடகத்தில் இல்லை.

மேக்ரெடி இங்கிலாந்தின் முன்னணி நடிகர். எட்வின் ஃபாரஸ்ட் அமெரிக்காவின் முதல் பெரும் நட்சத்திரம். லண்டனில் தம் நடிப்பை எதிர்த்துக் கூட்டம் சீறியதற்கு மேக்ரெடியே காரணம் என்று ஃபாரஸ்ட் நம்பினார். 1846இல் எடின்பரோவில் மேக்ரெடி ஹாம்லெட்டாக நடித்தபோது, கூட்டத்திலிருந்து எழுந்து தாமே சீறினார். நியூயார்க்கில் இது இரண்டு நடிகர்களின் சண்டையாக நிற்கவில்லை. ஃபாரஸ்ட் உழைக்கும் மக்களின் ஆள், மேக்ரெடி சீமான்களின் ஆள் என்று ஊர் இரண்டுபட்டது. மேக்ரெடி நடித்த ஆஸ்டர் பிளேஸ் ஆப்பரா மாளிகை, பணக்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட இடம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல ஆயிற்று.

1849 மே 7 அன்று மேக்ரெடி மேக்பெத்தாக வந்து நின்றதும் அழுகிய முட்டையும் உருளைக்கிழங்கும் பறந்தன, பிறகு நாற்காலிகளே பறந்தன. ஊருக்குத் திரும்பக் கிளம்பியவரை, எழுத்தாளர்கள் வாஷிங்டன் இர்விங்கும் ஹெர்மன் மெல்வில்லும் உட்பட நகரப் பிரமுகர்கள் கடிதம் எழுதித் தடுத்து நிறுத்தினார்கள். மே 10 அன்று மறுபடி மேக்பெத். வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம், சன்னல்களில் கல்மழை. போலீசால் முடியாமல் படையை அழைத்தார்கள். படை கூட்டத்தின் மேல் சுட்டது. குறைந்தது 22 பேர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேல் காயம்பட்டார்கள். மாண்டவர்களில் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் உண்டு. மேக்ரெடி மாறுவேடத்தில் தப்பினார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1851 பிப்ரவரி 26 அன்று, லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேக்ரெடி நடிப்புக்கு விடைகொடுத்தார். கடைசியாக எந்த வேடம் என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. மேக்பெத்தையே தேர்ந்தார். அந்த நாடகத்தின் பெயரால் உயிருக்கு ஓடியவர் அவர். சாபம் என்ற பேச்சு அன்று புழக்கத்தில் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பாரா?

20ஆம் நூற்றாண்டு விபத்துகள்?

மூன்றை அடிக்கடி சொல்வார்கள்.

1936 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹார்லெமில், 20 வயது ஆர்சன் வெல்ஸ், முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு கதையை ஹைத்தி போன்ற தீவுக்கு மாற்றி அரங்கேற்றினார். அதைத் தாக்கி எழுதிய பெர்சி ஹாமண்ட் என்ற விமர்சகர் சில நாளில் நிமோனியாவில் இறந்தார். நாடகத்தின் ஆப்பிரிக்க மேளக்காரர்கள் ஏவல் வைத்தார்கள் என்று கதை கட்டினார்கள். ஆப்பிரிக்கர் என்றாலே பில்லி சூனியம் என்ற அன்றைய இழிபார்வை அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. நாடகமோ மாபெரும் வெற்றி.

1937 நவம்பரில் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் லாரன்ஸ் ஒலிவியே மேக்பெத். அரங்கேற்றம் சில நாள் தள்ளிப்போனது. மேலேயிருந்து விழுந்த எடைக்கட்டி ஒன்று ஒலிவியேவுக்கு மயிரிழையில் தப்பியது என்பார்கள். அரங்கேற்றத்துக்கு முதல் நாள், நவம்பர் 25 அன்று, அந்த அரங்கைக் கால் நூற்றாண்டாகத் தாங்கிய லிலியன் பேய்லிஸ் மாரடைப்பில் காலமானார். அவருக்கு வயது 63. ஒத்திகை நீண்டு நாள் தள்ளுவதும் மேலேயிருந்து பொருள் விழுவதும் எல்லா அரங்குகளிலும் நடப்பவை. பேய்லிஸின் மரணம் அதே வாரத்தில் நேர்ந்ததால்தான் மற்ற இரண்டும் நினைவில் நின்றன.

1942இல் ஜான் கீல்குட்டின் மேக்பெத். போர்க்காலம், மூத்த நடிகர்கள், நீண்ட சுற்றுப்பயணம். குழுவில் இதயக் கோளாறால் மரணங்கள் நேர்ந்தன. இந்தக் கணக்கில் ஓவியர் ஜான் மின்டனையும் சேர்ப்பார்கள். அவர் அதன் மேடை வடிவமைப்பாளர்களில் ஒருவர். இறந்ததோ 1957இல், 15 ஆண்டு கழித்து! சாபத்தின் பட்டியல் எப்படி நீள்கிறது என்பதற்கு இந்த ஒரு பெயர் போதும்.

இத்தனையும் தற்செயலா?

இதை வேறு நாடகங்களோடு வைத்துப் பாருங்கள். 1613 ஜூன் 29 அன்று குளோப் அரங்கம் தரைமட்டமாக எரிந்தது. கூரை வேய்ந்த வைக்கோலில் பீரங்கிப் பொறி விழுந்ததால் வந்த தீ. அன்று ஓடியது எட்டாம் ஹென்றி நாடகம். 1876இல் புரூக்ளின் அரங்கத் தீயில் 270 பேருக்கு மேல் மாண்டார்கள், நாடகம் ‘இரண்டு அநாதைகள்’. 1887இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 186 பேர், 1903இல் சிகாகோவின் இராக்வா அரங்கில் 602 பேர். இவற்றில் ஒன்றுகூட மேக்பெத் இல்லை. எட்டாம் ஹென்றியின் பெயரைச் சொல்ல எவரும் அஞ்சுவதில்லை.

மேக்பெத் 400 ஆண்டாக ஓயாமல் நடிக்கப்படுவது. ஒரு நாடகம் எத்தனை முறை மேடையேறுகிறதோ அத்தனைக்கு விபத்தும் சேரும். சூனியமும் ஆவியும் கதையிலேயே இருப்பதால், மற்ற நாடகத்தில் நடந்தால் விபத்து, இதில் நடந்தால் சாபம் என்று பெயர் வாங்குகிறது. நொடித்துப்போகும் நாடகக் குழுக்கள் கூட்டம் சேர்க்கக் கடைசி முயற்சியாக மேக்பெத்தைப் போடும், அதன்பிறகு மூடிவிடும், அதனால்தான் கெட்ட பெயர் என்று ஒரு விளக்கமும் உண்டு.

அப்படியானால் இந்த நாடகத்தில் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. இருட்டு, வாள், புகை, வழுக்கும் தரை, களைத்துப்போன நாயகன் எல்லாம் ஒரே நாடகத்தில் சேர்ந்திருக்கின்றன. கதை பெரும்பாலும் இரவிலேயே நடப்பதால் ஒளியமைப்பாளர் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போவார். கடைசி அங்கத்தில் அந்த இருட்டில்தான் வாள்சண்டை.

மேக்பெத்தாக நடிப்பவரின் உடம்பைக் கவனியுங்கள். நான்காம் அங்கம் முதல் காட்சி முடிந்தபின் ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சிவரை அவருக்கு மேடையில் வேலை இல்லை. அது நல்ல ஓய்வு, ஆனால் தசை குளிர்ந்துவிடும். திரும்பி வந்ததும் சிறிது நேரத்தில் எதிர்ப்படையின் இளம் சிவார்டோடு ஒரு சண்டை, அடுத்து மேக்டஃபோடு ஒன்று. மணிக்கட்டு, தோள், முழங்கால் பிசகுவது இங்கேதான். மேடைக்குத் திரும்பும் முன் ஐந்து நிமிடமாவது கைகால்களை உதறிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

வாள்சண்டையை எப்படிப் பாதுகாப்பாக அமைப்பது?

கூர் மழுக்கி, நுனி உருட்டிய மேடை வாள்கள் மட்டுமே. அலங்காரத்துக்கு விற்கும் சுவர் வாள் கூடவே கூடாது. அதன் பிடிக்குள் போகும் இரும்புத் தண்டு மெலிந்திருக்கும். ஓங்கி மோதினால் அலகு முறிந்து கூட்டத்துக்குள் பறக்கும். அலுமினிய வாளையும் எஃகு வாளையும் மோதவிடாதீர்கள். அலுமினியத்தில் வெட்டு விழுந்து, ரம்பப் பல் போல ஓரம் எழும்பும். ஒவ்வொரு நாளும் அலகை விரலால் அல்லாமல் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிக்கும் இடத்தை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிடி ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அடி வைக்கும் முறையில் மூன்று படி: ஒருவர் கண் மற்றவர் கண்ணைச் சந்திக்கும், தாக்குபவர் வாளை ஓங்கிக் காட்டுவார், தடுப்பவர் நகரத் தொடங்கிய பிறகே வெட்டு வரும். வாள் நுனி உடம்பை எட்டாத தூரத்தில் நின்றே வீச வேண்டும். முகத்துக்குக் குறுக்கே எந்த வீச்சும் வேண்டாம். நிகழ்ச்சி நடக்கும் ஒவ்வொரு நாளும், பார்வையாளரை உள்ளே விடுவதற்கு முன், சண்டையை ஒருமுறை பாதி வேகத்தில், ஒருமுறை முக்கால் வேகத்தில், அதே செருப்பு, அதே உடை, அதே மங்கிய விளக்கில் ஓட்டிப் பாருங்கள். நூறாவது நிகழ்ச்சியிலும் இதை விடாதீர்கள். அடி நன்றாகப் பழகிவிட்டது என்று விட்டுவிடும் வாரத்தில்தான் ஆளுக்கு அடிபடும்.

சூனியக்காரிகளின் கொப்பரைப் புகைக்கு என்ன பயன்படுத்தலாம்?

தரையோடு தவழும் வெண்புகைக்கு உலர்பனிக்கட்டியை வெந்நீரில் போடுவார்கள். அது கெட்டியான கரியமில வாயு, வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும், தடித்த கையுறை அவசியம். மூடி இறுக்கிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது: 1 கிலோ கட்டி ஏறக்குறைய 500 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பள்ளத்தைத் தேடிப் போய்த் தங்கும். மேடைத் தரையில் திறக்கும் பொறிக்கதவுக்குக் கீழே, ஆவி மேலெழும்ப உதவும் ஆள் நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். அங்கே காற்றோட்டம் இல்லையென்றால் இந்தப் புகையை விட்டுவிடுங்கள்.

இயந்திரப் புகையில் வேறு தொல்லை. அதன் திரவம் தரையில் மெல்லப் படிந்து எண்ணெய் தடவியது போலாகும். இடைவேளையில் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பொறிக்கதவைத் திறந்த ஆள், மூடிப் பூட்டிவிட்டேன் என்று வாயால் சொன்ன பிறகே அடுத்த நடிகர் அந்த இடத்தில் கால்வைக்கலாம்.

ரத்தம்?

டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் கை நிறைய ரத்தத்தோடு வருகிறான். சிறிது நேரத்தில் சீமாட்டியின் கையும் சிவக்கிறது. வெளியே கதவு தட்டும் ஓசை. இருவரும் ஓடி மறைய, குடிபோதையில் வாயில்காவலன் வந்து நீளமாகப் பேசுகிறான். அந்தப் பேச்சில், அரசரையும் பாராளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த 1605 வெடிமருந்துச் சதியையும், சதியை அறிந்திருந்ததற்காக 1606இல் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் ஹென்ரி கார்னெட்டையும் அன்றைய கூட்டம் புரிந்துகொண்டிருக்கும். மேடைக்கு அதைவிட அவசரமான வேலையையும் அந்தக் காட்சி செய்கிறது: கை கழுவி உடை மாற்ற மேக்பெத்துக்கு நேரம் தருகிறது. சிரிப்புக் காட்சி நாடகத்தோடு ஒட்டவில்லை என்று வெட்டிவிடும் இயக்குநர், தம் நாயகனைச் சிவந்த கையோடு மேடைக்குத் தள்ள வேண்டியிருக்கும்.

எனவே இந்தக் கை ரத்தம் சட்டென்று கழுவப் போக வேண்டும். நிறமற்ற ஷாம்பு 100 மில்லி, சிவப்பு உணவு நிறம் ஒரு தேக்கரண்டி, நிறம் கருக்க ஒரு சிட்டிகை கொக்கோ தூள். பக்கத்திரைக்குப் பின்னால் இரண்டு வாளி வெதுவெதுப்பான நீரும் கறுப்புத் துண்டுகளும் தயாராக இருக்கட்டும். கண்ணுக்கும் வாய்க்கும் அருகே இதைப் பூசக் கூடாது. பாங்க்வோ ஆவியின் முகத்துக்குச் சர்க்கரைப் பாகில் அதே நிறத்தைக் கலந்து பூசுங்கள். பாகு தரையில் சொட்டினால் வழுக்கும், காய்ந்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். விருந்துக் காட்சி முடிந்ததும் துடைக்க ஒருவரை நியமித்துவிடுங்கள்.

யாருமில்லாத மேடையில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரிகிறதே, அது பேய்க்கா?

சக்கரம் வைத்த அடித்தட்டு, ஒரு கம்பம், கூண்டுக்குள் ஒரு பல்பு. ஆங்கிலத்தில் அதற்குப் பேய் விளக்கு என்றே பெயர். ஆவிகள் தங்கள் நாடகத்தை நடத்திக்கொள்ள விட்டுவைத்த வெளிச்சம் என்பார்கள். அரங்கத்துக்குச் சன்னல் கிடையாது. விளக்குப் பொத்தான் பெரும்பாலும் மேடைக்கு அந்தப் பக்கம் இருக்கும். காலையில் முதலில் வருபவர் கும்மிருட்டில் நடந்தால், வாத்தியக் குழிக்குள் தலைகுப்புற விழுவார். விளக்கு காப்பது அவரை. 2020இல் பெருந்தொற்றால் அரங்குகள் மாதக்கணக்கில் அடைபட்டபோது பல மேடைகளில் இந்த ஒற்றை விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள், திரும்பி வருவோம் என்பதற்கு அடையாளமாக.

மேடையில் ஏன் சீழ்க்கை அடிக்கக் கூடாது?

திரைச்சீலைகளைச் சணல் கயிறு, கப்பி, மணல்மூட்டை கொண்டு ஏற்றி இறக்கிய காலத்தில், கயிறு இழுப்பவர்கள் சீழ்க்கையால் சைகை கொடுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். கப்பல் மாலுமிகள் அந்த வேலைக்கு வந்ததால் பழக்கமும் கூடவே வந்ததாம். கீழே ஒருவர் சும்மா சீழ்க்கை அடித்தால், மேலேயிருந்து ஒரு காட்சித்திரை தலையில் இறங்கலாம். இப்போது சைகைக்குக் காதுக்கருவியும் விளக்கும் வந்துவிட்டன. தடை மட்டும் தங்கிவிட்டது.

நடிகரை ‘காலை உடைத்துக்கொள்’ என்று ஏன் வாழ்த்துகிறார்கள்?

நம் ஊரில் குழந்தைக்குக் கன்னத்தில் கரும்பொட்டு வைப்பதன் பின்னால் உள்ள எண்ணம்தான் இதற்கும். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும். கழுத்தும் காலும் உடையட்டும் என்று ஜெர்மானியர்களும் வாழ்த்துவதுண்டு. இத்தாலியில் ‘ஓநாயின் வாய்க்குள் போ’ என்பார்கள். ‘ஓநாய் சாகட்டும்’ என்று பதில் வரும். லிங்கனைச் சுட்டுவிட்டு மேடையில் குதித்துக் காலை உடைத்துக்கொண்ட பூத் என்ற நடிகரால் வந்த சொல் என்பது பொருந்தவில்லை. அது 1865. இந்த வாழ்த்து 20ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வரத் தொடங்குகிறது.

நிறம், மயிலிறகு?

இத்தாலிய அரங்குகளில் ஊதா ஆகாது. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் தேவாலயம் ஊதா உடுத்தும், அரங்குகள் மூடும், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். பிரான்சில் பச்சை ஆகாது. 1673 பிப்ரவரி 17 அன்று நடித்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றி, சில மணி நேரத்தில் இறந்த பிரெஞ்சு நாடக ஆசிரியர் மொலியேரோடு அதை முடிச்சுப் போடுவார்கள். மயிலிறகின் கண்ணைத் தீய கண் என்று ஆங்கில நடிகர்கள் மேடைக்கு வெளியே வைப்பார்கள். முருகன் படத்துக்குப் பின்னால் மயிலிறகு செருகி வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

தமிழில் போட்டாலும் பெயர் சொல்லக் கூடாதா?

பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் தழுவியபோது நாயகனுக்கு மகபதி என்று பெயரிட்டார், ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கியது போல. தடை ஆங்கிலப் பெயரின் மேல்தான். மகபதி என்று தாராளமாகச் சொல்லலாம்.

எங்கள் குழுவில் ஒருவர் இதை நிஜமாகவே நம்புகிறார். மற்றவர்கள் வேண்டுமென்றே பெயரைச் சொல்லிச் சீண்டுகிறார்கள். என்ன செய்வது?

சீண்டலை அன்றே நிறுத்துங்கள். சிறிது நேரத்தில் வாள் பிடிக்கப் போகிறவரின் மனத்தில் கலக்கத்தை ஏற்றுவது விளையாட்டல்ல. கவனம் சிதறிய ஒரு நொடி போதும், தடுப்பு தாமதிக்கும். பெயர் வாயில் வந்துவிட்டால் சொன்னவரை வெளியே அனுப்பி, மூன்று சுற்றுச் சுற்றவிட்டு, கதவைத் தட்டவிட்டு உள்ளே அழையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் உள்ளே வந்ததும் எல்லோரும் வாளை எடுத்து, அன்றைய சண்டையைப் பாதி வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.